மேசை ஹெட்போன் ஆம்ப், உள்ளே டாக் போட்டதும் போடாததும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம் பக்கத்து நண்பர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பேசுவது சுமார் 15,000 முதல் 40,000 ரூபாய்க்குள் அடங்கும், மேசை மேல் வைத்து வீட்டு மின்சாரத்தில் ஓட்டும் ஹெட்போன் ஆம்ப்களைப் பற்றி. இவற்றில் ஃபியோ கே7 போல டாக் (எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் பகுதி) சேர்ந்தே வருபவை உண்டு. ஷிட் ஆடியோவின் அஸ்கார்ட் 3 போல, விரும்பினால் டாக் அட்டையை உள்ளே செருகிக்கொள்ளும் வகையும் உண்டு. எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம்.

1. ணா, போன்லயே பாட்டு நல்லாத்தான் கேக்குது. இந்தப் பொட்டி இன்னாத்துக்கு?

ஹெட்போனுக்கு வேண்டிய வோல்டேஜையும் கரண்டையும் தடுமாறாமல் கொடுப்பது மட்டுமே ஆம்பின் வேலை. டாக்கின் வேலை அதற்கு முந்தியது: எண்களாகச் சேமித்திருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றுவது. போனிலும் லேப்டாப்பிலும் இவை இரண்டுமே சிறிய அளவில் இருக்கின்றன. உங்கள் ஹெட்போனுக்கு அவை போதுமென்றால் தனிப் பெட்டி வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னும் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். ஹெட்போனை மாற்றினால் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும். ஒழுங்கான ஓர் ஆம்பிலிருந்து ஒழுங்கான இன்னோர் ஆம்புக்கு மாறினால் தெரிவது மிகக் குறைவு.

2. என் ஹெட்போனுக்கு ஆம்ப் தேவையா இல்லையான்னு வாங்காமலே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஹெட்போனின் விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள்: இம்பீடன்ஸ் (மின் தடை) எத்தனை ஓம், சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) எத்தனை டெசிபல். சென்சிட்டிவிட்டியை ஒரு மில்லிவாட்டுக்குச் சொல்லியிருக்கிறார்களா, ஒரு வோல்ட்டுக்குச் சொல்லியிருக்கிறார்களா என்று கட்டாயம் கவனியுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக மாற்ற 32 ஓம் என்றால் 15 டெசிபல் கூட்டுங்கள், 64 ஓம் என்றால் 12, 250 ஓம் என்றால் 6, 300 ஓம் என்றால் ஏறத்தாழ 5.

உச்சத்தில் 110 டெசிபல் எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி சத்தம் இதைவிட 15, 20 டெசிபல் கீழேதான் இருக்கும். ஆகவே இந்த இலக்கு தாராளமானது. கீழே வரும் டெசிபல் எல்லாம் மில்லிவாட் கணக்கு. ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல். அதற்கு 0.7 வோல்ட் போதும், சாதாரண டாங்கிளே (போனில் செருகும் சின்ன ஹெட்போன் அடாப்டர்) கொடுத்துவிடும். பேயர்டைனமிக் டிடி 770 புரோவின் 250 ஓம் வகை 96 டெசிபல். அதற்கு 2.5 வோல்ட் வேண்டும், கரண்ட் 10 மில்லிஆம்பியர்தான். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ பிளானர் வகை, அதாவது உள்ளே தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை: 25 ஓம், 91 டெசிபல். வோல்டேஜ் 1.4 போதும், ஆனால் கரண்ட் 56 மில்லிஆம்பியர் இழுக்கும். ஆக, ஓம் அதிகமான ஹெட்போனுக்கு வோல்டேஜ் பற்றாது, பிளானர் வகைக்குக் கரண்ட் பற்றாது. ஒரு வோல்ட் மட்டுமே தரும் டாங்கிளில் டிடி 770 உச்சமாக 102 டெசிபல் வரை போகும். இன்றைய சினிமாப் பாட்டுக்கு அது போதும். தாழ்ந்த அளவில் பதிவு செய்த பழைய கச்சேரிக்குப் போதாது.

வால்யூமை முழுக்க ஏற்றிய பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கை போகிறதா? தவில் அடி விழும் இடத்தில் சத்தம் கரகரக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் ஆம்ப் உதவும். இரண்டுமே இல்லையென்றால் உதவாது.

3. ஒண்ணுல 3 வாட்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 6 வாட். அதிகம் இருந்தா நல்லதுதானே சார்?

எந்த ஓமில் அந்த வாட் என்று கேளுங்கள். 32 ஓமில் 3 வாட் என்றால் அந்த ஆம்ப் கொடுக்கும் வோல்டேஜ் சுமார் 9.8. அதே வோல்டேஜில் 300 ஓம் ஹெட்போனை மாட்டினால் கிடைப்பது 0.32 வாட்தான். 300 ஓம் ஹெட்போனுக்கு அதுவே ஏராளம். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 3 வாட்டுக்கும் 6 வாட்டுக்கும் உள்ள தூரம் வால்யூமைச் சற்றே திருகுவதற்குச் சமம்.

அந்த எச்இ400எஸ்இ-க்கே 110 டெசிபலுக்கு 80 மில்லிவாட் போதும். முழு 3 வாட்டையும் அதில் விட்டால் 125 டெசிபலைத் தாண்டிவிடும், காது கெட்டுப்போகும். உண்மையிலேயே பசியுள்ளவை மிகச் சில. ஹைஃபைமேன் எச்இ-6 ஓர் உதாரணம்: 50 ஓம், 83.5 டெசிபல், 110-க்குச் சுமார் 450 மில்லிவாட் கேட்கும். அப்படி ஒன்று கையில் இல்லாதவர்கள் 32 ஓமில் 1 வாட், 300 ஓமில் 100 மில்லிவாட் இருந்தாலே நிம்மதியாக வாங்கலாம்.

4. அவுட்புட் இம்பீடன்ஸ்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, அத எதுக்குப் பாக்கணும்?

ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சென்ஹைசர் எச்டி 600-ஐ 300 ஓம் என்கிறோம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது 500 ஓமைத் தொட்டுவிடும். ஆம்புக்கு 120 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டில் ஆம்புக்கே உள்ள தடை) இருந்தால் அந்த இடத்தில் பேஸ் ஏறத்தாழ 1 டெசிபல் தூக்கலாகிவிடும். ‘இந்த ஆம்ப் வெதுவெதுப்பா இருக்கு’ என்று புகழப்படுவது பல நேரம் இதுதான். 1 ஓம் ஆம்பில் இந்த மாற்றம் நடக்கவே நடக்காது.

ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 32 ஓமுக்கு 4 ஓம் வரை பரவாயில்லை. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற டிரைவர் வகை கொண்ட இயர்போன்களின் இம்பீடன்ஸ் தாறுமாறாக ஏறி இறங்கும். அவற்றுக்கு 1 ஓமுக்குக் கீழே இருப்பதே நல்லது. இந்த விலையில் வரும் ஆம்ப்களில் 2 ஓமுக்கு மேல் இருந்தால் காரணம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பிளானர் ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட நேர்கோடு என்பதால் அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

5. கெயின் சுவிட்ச லோ-ல வைக்கவா ஹை-ல வைக்கவா? ஹை-ல போட்டா இன்னும் தெம்பா கேக்குது.

தெம்பாகக் கேட்பதற்குக் காரணம் சத்தம் கூடியதுதான் (15-ம் கேள்வியையும் பாருங்கள்). டாக்கிலிருந்து வழக்கமாக 2 வோல்ட் வருகிறது. கெயின் என்பது ஆம்ப் அதைப் பெருக்கும் அளவு. லோ கெயின் 1 மடங்கு என்றால் அந்த 2 வோல்ட் அப்படியே கிடைக்கும். எச்டி 650-க்கு அதுவே 109 டெசிபல். ஆகவே லோ-வில் தொடங்குங்கள். வால்யூம் முக்கால் பங்கைத் தாண்டியும் போதவில்லை என்றால் மட்டும் ஹை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரண வால்யூம் குமிழுக்குள் இடது வலதுக்கு இரண்டு தடங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில், அதாவது கடிகாரத்தில் 9 மணி நிலைக்குக் கீழே, இரண்டும் ஒத்துப்போகாது. பாடகர் ஒரு காதுப் பக்கம் நகர்ந்துவிடுவார். ஆம்ப் பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல, ஹை கெயினில் இயர்போன் மாட்டியதால் குமிழ் 8 மணியிலேயே நின்றுபோனவை. ரிலே வைத்த படிப்படியான வால்யூம் உள்ள ஆம்ப்களில் இந்தத் தொந்தரவு இல்லை.

இயர்போனுக்கு இன்னொரு சோதனை: பாட்டை நிறுத்திவிட்டு, இரவில் ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 16 ஓம், 115 டெசிபல் இயர்போனில் 5 மைக்ரோவோல்ட் இரைச்சல்கூட ‘ஸ்ஸ்’ என்று லேசாகத் தெரியலாம். 2 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே என்றால் அநேகமாகத் தெரியாது. ஹெட்போன் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இந்த எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

6. டாக் உள்ளேயே போட்டு வாங்கிடலாமா, இல்ல தனியா வாங்குறது நல்லதா?

மேசையில் இடம் குறைவு, கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்துதான் பாட்டு என்றால் உள்ளேயே போடுங்கள். ஒரு கேபிள், ஒரு பிளக்கோடு முடிந்துவிடும். டாக் அட்டைக்குக் கேட்கும் விலையில் தனி டாக் ஒன்று வந்துவிடும் என்றாலும், அதற்கு ஓர் ஆர்சிஏ கேபிளும் கூடுதலாக ஒரு பிளக்கும் வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

டிவி, கேம் கன்சோல், பழைய சிடி பிளேயர் என்று பலவற்றை இணைப்பதாக இருந்தால் முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல அட்டைகளில் யுஎஸ்பி மட்டுமே இருக்கும், ஆப்டிக்கல் இருக்காது. அப்போது தனி டாக்தான் சரி. வாங்கிய பிறகு அட்டையை நீங்களே செருகலாமா, அப்படிச் செய்தால் வாரண்டி நிற்குமா என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செருகும்போது பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும்.

எங்கள் பரிந்துரை: குழப்பம் இருந்தால் டாக் இல்லாமல் ஆம்பை மட்டும் வாங்குங்கள். இருக்கிற டாங்கிளின் 3.5 மில்லிமீட்டர் வெளியீட்டை ஆர்சிஏ கேபிள் வழியாக ஆம்புக்குக் கொடுத்து ஒரு மாதம் கேளுங்கள். இரைச்சலும் இல்லை, சத்தமும் போதும் என்றால் டாக்குக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

7. ஏகேஎம் சிப் நல்லதா, இஎஸ்எஸ் சிப் நல்லதா?

இவை இரண்டும் டாக் சிப் செய்யும் கம்பெனிகள். சிப்பின் பெயரை வைத்து ஒலியைச் சொல்ல முடியாது. அதைச் சுற்றியிருக்கும் சர்க்யூட்டும் பவர் சப்ளையும்தான் தீர்மானிக்கும். 16 பிட் பாட்டின் வீச்சு 98 டெசிபல். இன்றைய நடுத்தர விலை டாக்குகள் இதைத் தாராளமாகத் தாண்டுகின்றன. 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

8. யுஎஸ்பில கனெக்ட் பண்ணா மவுஸ் நகர்த்தும்போது கிர்ர்னு சத்தம் வருது. டாக் போச்சா?

டாக் போகவில்லை, கிரவுண்ட் வழியாகக் கம்ப்யூட்டரின் இரைச்சல் ஆம்புக்குள் வருகிறது. வரிசையாகச் சோதியுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகளின் கிரவுண்ட் சேர்ந்து உண்டாகும் சுற்று) உறுதி. பிறகு சார்ஜரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க யுஎஸ்பியை விட்டு, மதர்போர்டில் நேராக இருக்கும் பின்பக்க யுஎஸ்பிக்கு மாற்றுங்கள்.

அதற்கும் நிற்கவில்லையென்றால் ஆப்டிக்கல் கேபிள். அதில் ஒளிதான் போகிறது என்பதால் கிரவுண்ட் இணைப்பே கிடையாது. ஆப்டிக்கல் இல்லாத டாக் அட்டைக்கு யுஎஸ்பி ஐசொலேட்டர் (இடையில் மின் இணைப்பைத் துண்டிக்கும் சிறு கருவி) மாட்டலாம். ஆனால் மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏடியூஎம்4160 சிப் கொண்டவை. அவற்றின் வேகம் 12 மெகாபிட்தான். 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, சில டாக்குகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே செய்யாது. இதற்காக ஆம்பின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைப்பதோ டேப் ஒட்டுவதோ வேண்டவே வேண்டாம். சத்தம் நிற்கும், உயிருக்கான பாதுகாப்பும் போய்விடும்.

9. எங்க ஊட்டுல கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் உர்ர்னு ஒரு சத்தம் வருது. ஏன்?

உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. வழக்கமான 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சி 325 வோல்ட்டை எட்டும். ஸ்கொயர் வேவில் உச்சியே ஏறத்தாழ 230-தான். டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப் அந்த உச்சியைப் பிடித்துத்தான் உள்ளே டிசி ஆக்குகிறது. ஆகவே உள்ளே கிடைக்கும் வோல்டேஜ் சுமார் 30 சதவீதம் குறையும். ரெகுலேட்டருக்குப் போதாமல் ஹம் பாட்டோடு கலந்துவிடும். கூடவே டிரான்ஸ்பார்மரும் உறுமும்.

முதலில் சத்தம் எங்கே என்று பிரித்துப் பாருங்கள். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் பெட்டியிலிருந்தே கேட்டால் அது டிரான்ஸ்பார்மரின் அதிர்வு. ஹெட்போனுக்குள் கேட்டால் அது சப்ளை பிரச்சினை. மின்வாரியம் பராமரிப்புக்கென்று பகல் முழுக்க நிறுத்தும் நாளில் அந்த இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டாமல் இருப்பதே மேல். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தப் பிரச்சினை இல்லை. எஸ்எம்பிஎஸ் சப்ளை (லேப்டாப் சார்ஜரில் இருப்பது போன்ற சுவிட்சிங் சப்ளை) உள்ள ஆம்ப்கள் ஸ்கொயர் வேவை ஓரளவு தாங்கும். அடிக்கடி கரண்ட் போகும் தெருவில் இருப்பவர்கள் வாங்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

10. மாமா அமெரிக்காவுலருந்து வர்றாரு, அங்க விலை கம்மி. வாங்கிட்டு வரச் சொல்லவா?

பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘100–240’ என்றிருந்தால் கவலை இல்லை, பிளக் மட்டும் மாற்றினால் போதும். ‘115’ அல்லது ‘120’ மட்டும் என்றால் நம் 230-இல் நேராகச் செருகிய நொடியில் பியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் டிரான்ஸ்பார்மரும் போகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம். 20, 30 வாட் எடுக்கும் ஆம்புக்கு 100 விஏ போதும். ஆனால் அது வோல்டேஜைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. ‘60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் எழுதிய பெட்டி இங்கே கூடுதலாகச் சூடாகி உறுமும்.

இன்னொன்று: சில ஆம்ப்களின் அடாப்டர் டிசி கொடுக்காது, ஏசியே கொடுக்கும். 14, 16 வோல்ட் ஏசி என்று அதன் மேல் அச்சடித்திருக்கும். லாங் பஜாரில் அதே பின் உள்ள டிசி அடாப்டரை வாங்கிச் செருகினால் உள்ளே ஒரு பக்க சப்ளை மட்டும் எழும், ஆம்ப் வேலை செய்யாது, பழுதாகவும் கூடும். சர்வீஸ், வாரண்டி, சுங்கவரி மூன்றையும் கூட்டிப் பார்த்தால் இங்கேயே 230 வோல்ட் வகையை வாங்குவதுதான் பெரும்பாலும் லாபம்.

11. ஆம்ப் மேல கை வைக்க முடியல, அவ்ளோ சூடு. கத்திரி வெயில்ல எரிஞ்சிடுமா?

கிளாஸ் ஏ, அல்லது அதிக பயஸில் (சும்மா இருக்கும்போதும் ஓடும் கரண்ட்) ஓடும் ஆம்ப்கள் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம் எடுத்துச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். பெட்டியே ஹீட்சிங்காக வேலை செய்கிறது. அறையின் வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுவது இவற்றுக்கு இயல்பு. குளிர் நாட்டில் 22 டிகிரி அறையில் எழுதிய விமர்சனம் ‘இளஞ்சூடு’ என்று சொல்லும். மே மாதம் வேலூரில் மாடி அறை 38 டிகிரியில் இருக்கும்போது அதே ஆம்ப் 58-ஐத் தொடும். விரலை ஐந்து நொடி வைத்திருக்க முடிந்தால் பயமில்லை. உடனே எடுக்க வைத்தால் காற்றோட்டம் போதவில்லை.

மேலே டாக், புத்தகம், துண்டு எதையும் வைக்காதீர்கள். மேலேயும் பக்கங்களிலும் நான்கு விரல்கடை இடம் விடுங்கள். மூடிய அலமாரி கூடவே கூடாது. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். இங்கே இது நிஜமான கணக்கு. கேட்டு முடித்ததும் சுவிட்சை அணையுங்கள். 20 வாட் ஆம்பை எப்போதும் ஓடவிட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கு அதற்கே போய்விடும்.

12. பாடியத் தொட்டா சுர்ருனு இருக்கு. இது ஷாக்கா?

இரண்டு பின் அடாப்டரில் ஓடும் கருவியோ லேப்டாப்போ இணைந்திருந்தால், அதன் எஸ்எம்பிஎஸ்-க்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு வரும். விரல் நுனியில் உரசும்போது சுர்ரென்று இருக்கும். ஆபத்தான அளவு இல்லை. ஆனால் ஆம்ப் மூன்று பின் உடையது, அதற்கும் சுர்ரென்கிறது என்றால் உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை என்று பொருள்.

பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், கம்பி இருக்காது. எலெக்ட்ரீஷியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 8-ம் கேள்வியில் சொன்ன கிர்ர் சத்தம்கூட எர்த் சரியான பிறகு பலருக்கு நின்றிருக்கிறது. ஆம்பை மாற்றும் முன் சாக்கெட்டைச் சரிசெய்யுங்கள்.

13. சென்னைக்குப் போய் கேட்டுப் பாத்து வாங்கலாம்னு இருக்கேன். கடையில அரை மணி நேரம்தான் விடுவாங்க. எதக் கேக்கணும்?

காட்பாடியில் ரயிலேறும் முன் பையில் இவை இருக்கட்டும்: உங்கள் சொந்த ஹெட்போன், இருக்கும் இயர்போன்களிலேயே அதிக சென்சிட்டிவிட்டி உள்ளது, 6.35 மில்லிமீட்டர் அடாப்டர், நீங்கள் நூறு முறை கேட்ட ஐந்தாறு பாட்டுகள் போனில் டவுன்லோடு செய்து, யுஎஸ்பி ஓடிஜி கேபிள். கடையின் விலையுயர்ந்த ஹெட்போனில் கேட்டால் ஹெட்போனைத்தான் மதிப்பிடுவீர்கள், ஆம்பை அல்ல.

‘இனிமையா இருக்கா’ என்று தேடாதீர்கள், குறையைத் தேடுங்கள். பாட்டு இல்லாமல் இயர்போனில் ஹிஸ், ஹம் இருக்கிறதா? குமிழை மெல்லத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, ஒரு காது முந்துகிறதா? ஆன் ஆஃப் செய்யும்போது ‘தொப்’ என்று அடிக்கிறதா? ரிலே உள்ள ஆம்ப் சில நொடி கழித்து ‘கிளிக்’ என்று சத்தத்தை விடும், அது நல்ல பழக்கம். பின்பக்கம் பிரீ-அவுட் (ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு) இருந்தால் ஹெட்போன் செருகும்போது ஸ்பீக்கர் தானாக நிற்கிறதா?

பாட்டு என்று வந்தால் தம்புரா மட்டும் ஒலிக்கும் ஆலாபனைத் தொடக்கம் ஒன்று, மிருதங்கத்தின் தொப்பி ஆழமாக விழும் தனியாவர்த்தனம் ஒன்று, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்தில் போகும் இடம் ஒன்று. தம்புராவின் தேய்ந்து மறையும் ஒலிக்கடியில் ஹம் ஒளிந்திருந்தால் காதில் படும். நாதஸ்வரம் தவில் இடத்தை நீங்கள் வழக்கமாகக் கேட்பதைவிடச் சற்றே கூட்டி வைத்துக் கேளுங்கள். பலம் போதாத ஆம்ப் அங்கேதான் கிழியும். மூன்றும் சுத்தம் என்றால் ஆம்ப் தேறிவிட்டது. பக்கத்தில் நிற்கும் இருமடங்கு விலை ஆம்பைக் கேட்டுவிட்டு மனம் அலைபாய வேண்டாம்.

14. ஊட்டுல மல்டிமீட்டர் கீது. அத வெச்சி எதனா டெஸ்ட் பண்ண முடியுமா?

மூன்று சோதனை செய்யலாம். ஒரு 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக், கொஞ்சம் ஒயர், 33 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். டிவி ரிப்பேர் சாமான் கடையிலேயே கிடைக்கும். பிளக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். பேலன்ஸ்டு சாக்கெட்டில் (இடது வலது இரண்டுக்கும் தனித்தனி மைனஸ் உள்ளது) இதைச் செய்யாதீர்கள். அங்கே மைனஸ் கம்பியைக் கிரவுண்டில் தொடவைத்தால் ஆம்ப் கெடும்.

முதலில் டிசி ஆஃப்செட், அதாவது பாட்டு இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் டிசி வோல்டேஜ். ஹெட்போன் இல்லாமல், பாட்டு இல்லாமல், ஆம்ப் அரை மணி சூடான பிறகு மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து நுனிக்கும் கிரவுண்டுக்கும், பிறகு வளையத்துக்கும் கிரவுண்டுக்கும் அளங்கள். 10-க்குக் கீழே நன்று. 50-க்கு மேல் என்றால் ஹெட்போனை மாட்டாதீர்கள், கடைக்குத் திருப்புங்கள்.

அடுத்து இடது வலது சமம். ஆடாசிட்டி என்ற மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் சைன் அலை உருவாக்கி ஓடவிடுங்கள். மலிவு மீட்டர்களின் ஏசி அளவு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகமில்லை, அதனால்தான் 100. குமிழை 9, 12, 3 மணி நிலைகளில் வைத்து இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். 12 மணியில் வித்தியாசம் 6 சதவீதத்துக்குள், அதாவது அரை டெசிபலுக்குள், இருந்தால் காதில் தெரியாது.

கடைசியாக அவுட்புட் இம்பீடன்ஸ். அதே அலையில் வெறும் வெளியீட்டை 0.500 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். குமிழைத் தொடாமல் 33 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து மீண்டும் அளங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்குங்கள். 0.485 வந்தால் விடை ஏறத்தாழ 1 ஓம். 0.400 வந்தால் 8 ஓமுக்கு மேல், 4-ம் கேள்வியை மறுபடி படிக்க வேண்டியதுதான்.

15. புது ஆம்ப்ல எல்லாமே திறந்து கேக்குது, பழசுல மூடின மாதிரி இருக்கு. இதுவும் பொய்னு சொல்லுவீங்களா?

பொய் என்று சொல்லவில்லை. சத்தத்தைச் சமன் செய்தீர்களா என்றுதான் கேட்போம். அரை டெசிபல் கூடினாலே காது அதைச் ‘சத்தம் கூடிற்று’ என்று உணராது, ‘தெளிவாக இருக்கிறது’ என்றே உணரும். கெயின் வேறு, குமிழ் வேறு என்னும்போது கண்ணால் பார்த்துச் சமன் செய்ய முடியாது. 14-இல் சொன்ன 100 ஹெர்ட்ஸ் அலையை ஓடவிட்டு, ஹெட்போனும் மீட்டரும் ஒரே நேரத்தில் இணையும்படி ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து, இரண்டு ஆம்பிலும் 0.300 வோல்ட் வையுங்கள். வித்தியாசம் 0.003-க்குள் இருக்கட்டும்.

பிறகு வீட்டில் ஒருவரை நாணயம் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் பழசு, பூ விழுந்தால் புதுசு. அவர் மாற்றுவதை நீங்கள் பார்க்கக் கூடாது. 16 முறை கேட்டுச் சொல்லுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரி என்றால் குருட்டாம்போக்கில் அது நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே, ஆகவே வித்தியாசம் உண்மை. அப்போது 4, 5 இரண்டிலும் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் பழைய ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ்தான் அகப்படும். 9, 10 மட்டும் சரி என்றால் பழையதை விற்றுவிட அவசரப்படாதீர்கள்.

16. பேலன்ஸ்டு அவுட்புட் இருக்கிற மாடலுக்கு 8,000 ரூபா அதிகம். கொடுக்கலாமா?

பேலன்ஸ்டில் வோல்டேஜ் இரட்டிப்பாகும், கொள்கை அளவில் வாட் நான்கு மடங்கு. அவுட்புட் இம்பீடன்ஸும் இரட்டிப்பாகும். 3-ம் கேள்வியின் கணக்குப்படி உங்கள் ஹெட்போனுக்குச் சாதாரண வெளியீடே போதும் என்றால் அந்த 8,000 வீண். ஹெட்போனின் கேபிளையும் மாற்ற வேண்டிவரும். பேலன்ஸ்டில் மாற்றியதும் நன்றாகக் கேட்பது 6 டெசிபல் சத்தம் கூடியதால். 15-இல் சொன்னபடி சமன் செய்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

17. 200 மணி நேரம் ஓட்டி பர்ன்-இன் பண்ணாதான் சரியாகும்னு கடையில சொல்றாங்க.

தேவையில்லை. சூடாகும் வகை ஆம்ப் நிலைக்கு வர அரை மணி போதும். 200 மணி நேரம் கடப்பதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் முதல் வாரத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

18. செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது, மூணு வருஷம் ஆச்சாம். எத செக் பண்ணணும்?

14-இல் சொன்ன டிசி ஆஃப்செட் முதலில். பிறகு குமிழை முழுக்க நான்கைந்து முறை திருகிப் பாருங்கள். கரகரப்பு வந்து குறைந்தால் தூசிதான், கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். குறையவில்லை என்றால் குமிழையே மாற்ற வேண்டும். ஹெட்போன் சாக்கெட்டில் பிளக்கை லேசாகச் சுழற்றும்போது ஒரு பக்கம் நின்றுபோனால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாக்கெட் கிடைக்கும், ஆனால் அதே அளவுள்ளதைத் தேட வேண்டும். வோல்டேஜ் 230-தானா, கூடவே வந்த அசல் அடாப்டர் இருக்கிறதா என்று 10-ம் கேள்வியை வைத்துப் பாருங்கள். யுஎஸ்பி வேலை செய்கிறதா என்பதை விற்பவரின் லேப்டாப்பில் பார்க்காமல் உங்களுடையதில் பாருங்கள். விண்டோஸ் 10-இன் 2017 பதிப்புக்கு முந்தையவற்றில் யுஎஸ்பி ஆடியோ 2-க்குத் தனி டிரைவர் வேண்டும்.

19. நீங்க சொன்ன எல்லா டெஸ்ட்லயும் பாஸ். ஆனாலும் எனக்கு பேஸ் பத்தல, குரல் கொஞ்சம் குத்துது. வேற ஆம்ப் மாத்தவா?

மாற்றாதீர்கள். சோதனையில் தேறிய ஆம்ப் பாட்டில் எதையும் சேர்ப்பதில்லை, எடுப்பதில்லை. குத்துவது ஹெட்போன், அல்லது அந்தப் பதிவு. அதற்கு மருந்து ஈக்வலைசர். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ ஷெல்ஃப் (தாழ்ந்த ஒலிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும் வடிகட்டி) ஒன்று போட்டு 4 டெசிபல் ஏற்றுங்கள். குரல் குத்தும் இடம் வழக்கமாக 3,000-க்கும் 8,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் இருக்கும். ஒரு குறுகிய வடிகட்டியை அங்கே நகர்த்தி நகர்த்தி, குத்தல் குறையும் இடத்தில் 3 டெசிபல் இறக்குங்கள். காதுப் பஞ்சு நசுங்கியிருந்தால் ஒலி இன்னும் குத்தும். வியர்வையில் தோல் உரிந்த பேடு நம் ஊரில் சகஜம். முதலில் அதை மாற்றிவிட்டுக்கூட இதைச் செய்யலாம்.

ஏற்றிய அளவுக்கு ப்ரீ-ஆம்ப் என்ற இடத்தில் இறக்க வேண்டும். 4 ஏற்றினால் மைனஸ் 4. இல்லையென்றால் டாக்கின் உச்சியில் முட்டிச் சத்தம் கிழியும், பழி ஆம்பின் மேல் விழும். இறக்கியதால் மொத்தச் சத்தம் குறையும். அப்போது லோ கெயினில் குமிழ் முக்காலைத் தாண்டினால் 5-இல் சொன்னபடி ஹை-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆம்பில் மிச்சம் வைத்திருந்த பலம் உண்மையில் வேலைக்கு வருவது இந்த இடத்தில்தான். பேஸ் ஏற்றிய பிறகு ஒலியளவு தெரியாமலே கூடிக்கொண்டு போகும் என்பதை மட்டும் கவனியுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75.